வெல்டு வைத்த சின்ன கேட்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை பின்பக்கத்துச் சின்ன கேட்டுக்கு வெல்டு வைத்தாயிற்று. நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். பூட்டுப் போட்டால் போதாதா என்று சங்கத் தலைவர் கேட்டார். பூட்டு என்று ஒன்று இருந்தால் சாவி என்று ஒன்று இருக்கும். சாவி இருந்தால், ஒரே ஒரு நிமிஷம் சார் என்று எவனாவது வந்து நிற்பான். நெடுஞ்சாலைத் துறையில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். சாலை நடுவே சென்டர் மீடியன் தடுப்பில் சனங்கள் உடைத்து வைத்த சந்துகளை எத்தனை அடைத்திருப்பேன்! கல் வைத்தால் புரட்டுவார்கள், கம்பி கட்டினால் வளைப்பார்கள். அடைத்தால் திறக்கவே முடியாதபடி அடைக்க வேண்டும். இது தலைவருக்குப் புரியவில்லை. அவர் துணி ஏற்றுமதி செய்தவர்.

பசுஞ்சோலை வில்லாஸ் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனபின் செய்த முதல் காரியம் இது. ஊருக்குள் இருந்து கண்டவர்களும் அந்தக் கேட் வழியாக வந்து நம் பார்க்கில் உட்கார்கிறார்கள் என்று பலருக்கும் வயிற்றெரிச்சல். போன மாதம் ஒரு சைக்கிள் வேறு காணாமல் போனது. இனி மாகாளியம்மன் கோயில் வீதிக்குப் போக வேண்டியவர்கள் முன் கேட் வழியாக பைபாஸில் இறங்கி, யூ டர்ன் போட்டு ஊருக்குள் போகலாம். காரில் ஒரு கஷ்டமும் இல்லை.

மத்தியானம் சாப்பாடு போடும்போது வசந்தாமணி கேட்டாள், நிஜமாகவே அடைத்துவிட்டீர்களா என்று. ஆமாம் என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"அந்தக் கேட் இல்லீன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேனுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்."

சிரித்துவிட்டேன். கேட்டுக்காக வீட்டை விட்டுப் போன பெண்டாட்டியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூன் 5, புதன்

காய்கறி ஆப்பில் வந்தது. கத்தரிக்காய் நான்கில் இரண்டு சொத்தை.

ஜூன் 9, ஞாயிறு

வசந்தாமணி காலையில் பைபாஸ் வழியாக நடந்தே கோயில் வீதிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். சர்வீஸ் ரோட்டில் நடைபாதை கிடையாது. மண் லாரி ஒன்று உரசினாற்போல் போனதாம். சேலை முந்தானை முழுக்கச் சேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கே போகணுமோ சொல், கார் எதற்கு இருக்கிறது என்று சத்தம் போட்டேன்.

அவள் போவது மல்லீஸ்வரியின் தையல் கடைக்கு. இங்கே குடிவந்த நாளாகத் தினமும் பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பாள். பொழுதுபோக்கு என்றுதான் நான் வெளியில் சொல்வது. வழியில் டாக்டர், மருந்துக்கடை, மளிகை, மாவு அரைக்கிற மெஷின் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எல்லா வாசலிலும் நின்று பேசிவிட்டு மதியம் வருவாள். முகம் தெளிவாக இருக்கும். இந்த ஒரு வாரமாக ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள். டிவி போட்டால் எழுந்து போகிறாள்.

சாயங்காலம் நானே காரில் கூட்டிப் போனேன். திரும்பி வந்து நிறுத்தும்போது போர்ட்டிகோ தூணில் இடதுபக்கக் கண்ணாடி இடித்து மடங்கிவிட்டது. அந்தத் தூணை வைத்த இடமே தப்பு. கட்டிக் கொடுத்தவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வசந்தாமணி கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஜூன் 14, வெள்ளி

இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் வந்தாள். பெயர் பெனாசிர். நகரத் திட்டமிடல் படித்து அதே வேலையில் இருக்கிறாளாம். ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற மாதிரி ஊரை அமைப்பதுதான் அவள் தொழில் என்றாள். புதிதாகக் கட்டும் இடங்களில் அதற்குக் கோடி கோடியாகச் செலவு செய்கிறார்களாம். நமக்கு அது சும்மாவே கிடைத்திருந்தது, ஒரு கேட்டைத் திறந்து வைத்தால் போதும் என்று இனிமையாகத்தான் பேசினாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ரோடு போட்ட காலத்தில் இவள் பிறந்திருக்கவே மாட்டாள். லே அவுட் வரைபடத்தை எடுத்து, காம்பஸை நம் பார்க்கில் குத்தி அரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். டாக்டர் உள்ளே, மருந்துக்கடை உள்ளே, பள்ளிக்கூடம் உள்ளே, பஸ் ஸ்டாப் கோட்டின் மேலே. பார், எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது, கேட் எதற்கு என்றேன். அவள் வட்டத்தைக் குறுக்கே வெட்டிய நம் மதில் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு வசந்தாமணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வட்டத்தை நகல் எடுத்து எல்லா வீட்டுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினேன். நல்ல வரவேற்பு. பன்னிரண்டாம் நம்பர்க்காரர் நேரில் வந்து கை கொடுத்தார்.

ஜூன் 18, செவ்வாய்

இப்போதெல்லாம் காரை எடுத்தால் எல்லோரும் திடீர் திடீரென்று குறுக்கே வருகிறார்கள். இன்று நம் லே அவுட்டுக்குள்ளேயே சைக்கிள் விட்ட குழந்தை ஒன்று வலது பக்கத்திலிருந்து எங்கிருந்தோ முளைத்தது. பிரேக் அடித்ததில் கார் குலுங்கி நின்றது. குழந்தைகளைச் சாலையில் விடக்கூடாது என்று அடுத்த சுற்றறிக்கை தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வசந்தாமணி கேட்டாள், கண் டாக்டரிடம் போக வேண்டிய தேதி போய்விட்டதே என்று. கண்ணில் அழுத்தம் இருக்கிறது, சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று போன வருஷம் சொன்னார்கள். மருந்து தீர்ந்தது. வாங்கப் போகவில்லை. எனக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது, இதோ எழுதுகிறேனே. ஹாலில் பல்புதான் மங்கல். இரண்டை மாற்றினேன்.

மாவு மெஷின் தெருப்பக்கம் யாருக்கோ வளைகாப்பாம். மேளச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. வசந்தாமணி மொட்டை மாடிக்குப் போய் நின்று பார்த்தாள். நானும் போனேன். யாரோ அவளைப் பார்த்துக் கை ஆட்டினார்கள் போல, அவளும் ஆட்டினாள். யார் என்று கேட்டேன். மல்லீஸ்வரி, சிவப்புச் சேலை, உங்களுக்குத் தெரியவில்லையா என்றாள். தெரிகிறது தெரிகிறது என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

தையல் கடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாக மல்லீஸ்வரி போன் செய்தாளாம். எத்தனை நாள்தான் அவளும் காத்திருப்பாள். வசந்தாமணி ஊசி டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. எதற்கென்று தெரியவில்லை. எனக்கு என்ன குறை?

ஜூலை 5, வெள்ளி

காலை நடைக்குப் போனேன். லே அவுட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லா வீடும் ஒரே மாதிரி. யாரும் வெளியே இல்லை, நின்று பேச ஒரு வாசல் இல்லை. முன்பு பேப்பரை நானே கோயில் வீதி முக்கில் போய் வாங்குவேன். டீக்கடையில் ஒரு கும்பல் இருக்கும், அரசியல் பேசி அரை மணி நேரம் போய்விடும். இதை வசந்தாமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஜூலை 11, வியாழன்

இதை எழுதியே தீர வேண்டும்.

நேற்று சாயங்காலம் வசந்தாமணிக்கு மயக்கமாக வந்தது. மதியம் முதலே வாந்தி. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிரே டாக்டர் வீட்டு போர்டு லைட் எரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு முன் கேட் வழியாகப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர் வண்டிக்காரர்கள் எல்லாம் ஹை பீமில் வருகிறார்கள், ஒருவனுக்கும் பண்பாடு கிடையாது. யூ டர்ன் போடும் இடம் வரவே இல்லை. எப்போதும் இருக்கிற இடம்தான், வரவில்லை. அது தாண்டிவிட்டது என்று தெரிந்தபோது வெகு தூரம் வந்திருந்தோம். மீடியனில் அடுத்த இடைவெளியை அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கடுத்தது மேம்பாலத்துக்கு அப்புறம். திரும்பி வரும்போது சர்வீஸ் ரோட்டில் ஒரு மொபெட்காரன் கத்திக்கொண்டே ஒதுங்கினான். நான் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் லைட் போடவில்லை என்று நினைக்கிறேன்.

வசந்தாமணி பின் சீட்டில் படுத்தபடி ஒரு பாலித்தீன் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள்.  டாக்டர் சலைன் ஏற்றினார். உடம்பில் தண்ணீரே இல்லை, இவ்வளவு நேரம் ஏன் விட்டீர்கள், பக்கத்தில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.  மழை என்றேன்.

டாக்டர் வீட்டுக்கு மல்லீஸ்வரி ஓடி வந்து வசந்தாமணியின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு அங்கேயே மல்லீஸ்வரி வீட்டில் படுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். நான் மட்டும் கிளம்பினேன். காரை எடுக்காமல் ஆட்டோவில் வந்தேன். தூக்கம் வந்தது, அதனால்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. அவள் செத்துப்போய்விடுவாள் என்று நினைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

வசந்தாமணி வந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் நன்றாக நடந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் இரண்டு பாத்திரம், ஒரு குக்கர், பிறகு அலமாரியிலிருந்து நாலு சேலை, ஊசி டப்பா எல்லாம் எடுத்துப் பையில் வைத்தாள். தையல் கடைக்குப் பின்னால் இரண்டு அறைப் போர்ஷன் காலியாக இருக்கிறதாம். பேசி முடித்துவிட்டாளாம். மாடியிலும் ஒன்று காலியாம், காற்றோட்டமானதாம், கீழேதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். படி ஏற இவளுக்கென்ன, நன்றாகத்தானே ஏறுகிறாள்.

 ஊர் சிரிக்கும், இது என்ன கூத்து, இந்த வயதில் கோபித்துக்கொண்டு போவதா என்றெல்லாம் கேட்டேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போகலீங்க. நடமாடறதுக்குப் போறேன். ரெண்டு பேருக்குந்தான் எடம் பாத்திருக்கேன். நீங்களும் வாங்க."

நாலு பெட்ரூம் வீட்டை வைத்துக்கொண்டு ஒண்டுக் குடித்தனத்துக்கா வருவேன் என்றேன். அவள் நின்று என் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் ஆட்டோ வந்தது, போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

வசந்தாமணி பொள்ளாச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேட்டவர்களுக்குச் சொன்னேன். பன்னிரண்டாம் நம்பர்க்காரர் தலையாட்டினார். அவர் வீட்டு மாடியிலிருந்து தையல் கடைக் கொல்லை நன்றாகத் தெரியும்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. கோயிலில் கூழ் ஊற்றும் பேச்சு ஸ்பீக்கரில் ஓடுகிறது. மாடிக்குப் போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லைக் கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்தது. அவளுடையதாகத்தான் இருக்கும். போன் செய்து, நீ இப்போது கொல்லையில் நிற்கிறாயா என்று கேட்டேன். கடையில் இருக்கிறேன், சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பொய். பிரெட்தான்.

கார் இன்னும் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓசூரிலிருந்து மகன் போன் செய்தான். காரை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அவளைப் போய்ப் பார்க்க டாக்ஸி ஆப்பைத் திறந்தேன். பைபாஸைச் சுற்றிக்கொண்டு பாம்பு மாதிரி நீலக் கோடு காட்டியது. மூடிவிட்டேன். இங்கிருந்து கல்லை விட்டெறிந்தால் அவள் கொல்லையில் விழும்.

அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. போதும், எழுதிவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

பெனாசிரிடம் போனேன். நானேதான் போனேன். கேட்டைத் திறக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், ஆதரவு திரட்ட வேண்டும் என்றேன். அந்தப் பெண் குத்திக் காட்டவே இல்லை. உடனே ஒரு தாளை எடுத்து யார் யாரைப் பார்க்கலாம் என்று எழுத ஆரம்பித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவள் வாசல்படியில் தடுக்கினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செருப்பு வழுக்குகிறது என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

பொதுக்குழு. நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் பேசினேன். அவசரத்துக்கு டாக்டர், வயதானவர்களுக்கு நடை, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் சொன்னேன். என் மனைவிக்கு அன்றைக்கு நடந்ததையும் சொன்னேன். பன்னிரண்டாம் நம்பர்க்காரர் எழுந்தார். என் சுற்றறிக்கையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"செகரட்டரி சாரே வட்டம் போட்டுக் காட்டியிருக்காருங்க, எல்லாம் பக்கத்துலதான் இருக்குதுன்னு. இப்ப இல்லைங்கிறாரு. எந்த வட்டத்தைங்க நாங்க நம்பறது?"

சபை சிரித்தது. கேட் மூடிய பிறகு வீட்டு விலை ஏறியிருக்கிறது, கண்டவர்கள் வருவதில்லை, எங்களுக்கு எல்லோருக்கும் கார் இருக்கிறது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். முன்பு நான் சொன்ன வார்த்தைகள்தான், ஒன்றுகூடப் புதிது இல்லை. ஓட்டெடுப்பில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று பெனாசிர்தான் என் காதருகே சொன்னாள். தோற்றுவிட்டோம். பிரமாதமாக வெல்டு வைத்திருக்கிறீர்கள் சார், இனி அசையாது என்று தலைவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலை நடந்தே போகிறேன், பைபாஸ் வழியாக. அவளால் முடிந்தது என்னால் முடியாதா? யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இதை எழுதுவது வசந்தாமணி. அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுத்துப் படிப்பு எதுவும் கொஞ்ச நாளைக்குக் கூடாது. நாட்குறிப்பு விட்டுப்போகக் கூடாது, நான் சொல்கிறேன் நீ எழுது என்றார். சரி என்று உட்கார்ந்தேன். அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டுமாம். நான் எனக்குத் தோன்றுவதையும் எழுதுகிறேன். அவர் படித்துப் பார்க்க நாளாகும்.

அவர் நடந்தே கிளம்பிய அன்றைக்குக் காலையில் நான் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பைபாஸில் கல்வெர்ட் பாலத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் வா என்றார். குரல் சரியாக இல்லை. ஓடினேன். சாக்கடையில் ஒரு கால் போய் வேட்டியெல்லாம் கறுப்பு. முழங்கையில் ரத்தம். லாரிகள் பக்கத்திலேயே போகின்றன. கல்லின் மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் இடது பக்கமாகப் போய் நின்றேன். பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. தொட்டதும் திடுக்கிட்டார்.

இதை எழுதாதே என்கிறார். எழுதுகிறேன். அன்றைக்கு அவர் சொன்னது:

"எனக்கு ரெண்டு பக்கமும் தெரியல வசந்தா. நேரா பாத்தா மட்டுந்தான் தெரியுது. ரொம்ப நாளாவே தெரியல."

எனக்குத் தெரியாதா? தூணில் இடித்த அன்றைக்கே தெரியும். அந்தக் குழந்தை சைக்கிள் விட்ட அன்றைக்கு நான் ஜன்னலில் நின்றிருந்தேன். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கமே கிடையாது. அந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் அவர் காரை விட மாட்டார். ஒரு தீப்பெட்டி வாங்கக்கூடக் கார்தான் எடுக்க வேண்டும். ஓட்டினால் என்றைக்காவது யாராவது சாவார்கள். நீங்கள் ஓட்டாதீர்கள் என்று சொன்னால் மனுஷன் உடைந்து போவார். அதனால்தான் கார் வேண்டாத இடமாகப் பார்த்தேன். எனக்காக மட்டும் பார்த்திருந்தால் மாடிப் போர்ஷனை எடுத்திருப்பேன், அங்கே காற்று நன்றாக வரும்.

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று கண் டாக்டர் சொன்னார்.  வெளியே வந்ததும் இவர் கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, காரை விற்றுவிடச் சொல் அவனை என்றார். மகனுக்குச் சொல்லிவிட்டேன்.

இங்கே போர்ஷனுக்கு வந்த முதல் நாலைந்து நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. கண்ணில்லாதவன் என்று பார்ப்பார்கள் என்று கூச்சம். நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்பு உட்கார்ந்திருந்த மாதிரியே.

இன்றைக்குக் காலையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதாவது வாங்கணுமா என்று கேட்டார். கொத்தமல்லி இல்லை என்றேன். நானே போகிறேன், நீ பின்னால் வராதே என்று கண்டிப்பாகச் சொன்னார். வரவில்லை. கடை வாசலில் நின்று பார்த்தேன். சுவரோரமாக, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனார். மருந்துக்கடைப் பையன் கூப்பிட்டு ஏதோ கேட்டான், நின்று பேசினார். டீக்கடையில் யாரோ பெஞ்சில் இடம் விட்டார்கள், உட்கார்ந்துவிட்டார். போய்ப் பார்க்கலாமா என்று செருப்பை மாட்டினேன். ஆனாலும் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து, யார் ஜெயிப்பார்கள் என்று ஊர் விஷயமெல்லாம் தெரிந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

கையில் புதினா.

இது புதினாங்க, நான் கேட்டது கொத்தமல்லி என்றேன். முகம் சுருங்கிவிடும் என்று பயந்தேன். புதினாக் கட்டை மோந்து பார்த்தார். அட ஆமாம் என்றார். மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனியாக, போய் மாற்றிக்கொண்டு வந்தார்.